வில்லங்கமில்லாத வம்சாவளி

சென்ற இதழில் நண்பர் ஒருவர் குடும்ப வரலாற்று நூல்களைப் பற்றி எழுதியிருந்தார். தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் வீட்டுக்கு வீடு அச்சாகிவரும் குடும்ப மலர்களை இலக்கியக்காரர்கள் அலட்சியப்படுத்துகிறார்கள், ஆனால் நாளைய நாவலுக்கான கச்சாப்பொருள் அவற்றில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. சிதைந்த தறவாடு, கறையான் அரித்த அறைவாசல், கடைசிக் காரணவரின் தனிமை என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மோசமாக எழுதப்பட்ட பொய்யைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

நான் அருமனையில் வங்கிக் குமாஸ்தா. வீட்டின் மேல் கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது மூலப்பத்திரம். அடுத்தது வில்லங்கச் சான்று. முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பின்னால் போய், இந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, நடுவில் யாருக்கு இதில் பாத்தியதை இருந்தது என்று பார்த்த பிறகுதான் வக்கீல் கையெழுத்துப் போடுவார். நாலு சென்ட் நிலத்துக்கு இவ்வளவு விசாரணை. முந்நூறு வருஷத்துப் பெருமையை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் வில்லங்கம் பார்க்காமல் இலக்கியம் என்று பற்று வைத்துவிடுகிறோம். என் சண்டை இவ்வளவுதான்.

இந்த மலர்களில் நான் பதினைந்துக்குக் குறையாமல் படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடு. முதலில் ஒரு மகாராஜா, பெரும்பாலும் மார்த்தாண்ட வர்மா. அவருக்கு ஆபத்து வருகிறது. நம் முன்னோர் ஒருவர் அடைக்கலம் தருகிறார். மகாராஜா நிலம் கொடுக்கிறார். பிறகு காடு வெட்டி, குளம் தோண்டி, வயல் திருத்துகிறார்கள். பிறகு கோயில் அல்லது சர்ச். பிறகு முதல் பி.ஏ., முதல் வக்கீல், முதல் டாக்டர். கடைசியில் அமெரிக்காவில் இருக்கும் பேரனின் வர்ணப்படம். இந்த வரிசையில் ஒரு வினைச்சொல்லை மட்டும் நிறுத்திப் பாருங்கள்: திருத்தினார்கள். யார் திருத்தினார்கள்? நாலாயிரம் பறை நெல் விளைந்த வயலில் மண் சுமந்தவன் யார்? வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு. ஆனால் அந்த எழுவாய் உண்மையில் மண்வெட்டி பிடித்ததே இல்லை. இலக்கணப்படி சரியான வாக்கியம், சரித்திரப்படி பொய்.

கணக்கைப் பார்ப்போம். 1836இல் திருவிதாங்கூர் அரசு எடுத்த கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டில் ஒருவருக்கும் சற்று மேல். புலையர், பறையர், குறவர் என்று கணக்கில் வந்தவர்கள் இவர்கள். இவர்களை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். 1800-01இல் மலபாரைச் சுற்றிப்பார்த்த பிரான்சிஸ் புக்கானன் இந்த மூன்று வகைகளையும் பிரித்து எழுதியிருக்கிறார். ஆணுக்கு வருஷப் பாட்டம் 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. இந்த மூன்று சொற்களையும் நான் தினம் கடன் மேஜையில் கேட்கிறேன். நிலத்துக்கும் தென்னைக்கும் உள்ள சொற்கள்தான் மனிதனுக்கும் இருந்தன. இரவலாக எடுத்தவை அல்ல, உருவகமும் அல்ல.

1812இல் ராணி லட்சுமி பாயி அடிமை வியாபாரத்தை ஒழித்தார் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. அந்த விளம்பரம் நிலத்தோடு சேர்ந்த சாதி அடிமைகளை விலக்கிவைத்தது என்பதைச் சொல்வதில்லை. யாரை வாங்கி விற்பது வழக்கமோ அவர்களை நீக்கிவிட்டு வாங்கல் விற்றலைத் தடைசெய்த சட்டம் அது. 1847இல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுப் போட்டார்கள். அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது. 1853இல் வந்த விளம்பரம் சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்றது. பிறந்துவிட்டவர்கள் மேலும் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். 1855 ஜூன் 24இல் வந்த விளம்பரத்தோடு சட்டம் அவர்களைக் கைவிட்டது. கைவிட்டது என்பதை இரண்டு அர்த்தத்திலும் சொல்கிறேன். விடுதலை கிடைத்தது, ஒரு சென்ட் நிலம் கிடைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1865இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தில் பாட்டக்காரராக இருந்தவர்களுக்கு உடைமை உரிமை கொடுத்தது. பாட்டக்காரன் உடைமைக்காரன் ஆனான். அவனுக்குக் கீழே சேற்றில் நின்றவன் நின்ற இடத்திலேயே நின்றான். இந்தத் தேதிகளில் ஒன்றுகூட நான் படித்த மலர்களில் இல்லை. 1855 அந்த வீடுகளில் நடக்காத வருஷம்.

ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். வெகுதூரம் போக வேண்டாம். அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளைத் தேடிப் படித்தவர் கவிமணி. அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். அங்கே அடிமை விற்ற ஓலைகள் இருக்கின்றன. (எங்கள் விளவங்கோடு நாஞ்சில் நாடு அல்ல. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் அது. வெளியூர் நண்பர்கள் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடாக்கிவிடுவார்கள். அடிமை விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வது சரி; எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் வித்தியாசமில்லை.) கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தை நாம் எல்லோரும் அறிவோம். 1917 வாக்கில் பத்திரிகையில் வந்தது, சிரித்தோம், பிறகு சட்டமும் மாறியது. அதே மனிதர் கையில் இருந்த ஓலைகளைப் பற்றி எத்தனை இலக்கியக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? காரணவர் மருமகனுக்கு எழுதிவைத்த சொத்துக்காக மனைவி அழுத அழுகை இலக்கியம் ஆயிற்று. அந்தச் சொத்தில் ஆளும் ஒரு இனம் என்பது அடிக்குறிப்பாகக்கூட ஆகவில்லை.

மருமக்கள்தாயத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. தாய்வழி உரிமை என்று இப்போது நாம் அதைப் பெண்ணின் பெருமைக்குச் சாட்சியாக அழைக்கிறோம். வர்ஜீனியா காலனியில் 1662இல் ஒரு சட்டம் போட்டார்கள்: குழந்தை சுதந்திரமா அடிமையா என்பது தாயைப் பொறுத்தது. வெள்ளைக்கார முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தது முதலாளியின் தொழுவத்தில் ஒரு உருப்படியாகச் சேரும். அதுவும் தாய்வழிதான். மலபாரில் பல இடங்களில் அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் தாயின் உடைமைக்காரருக்குப் போனார்கள். மேலே தாய்வழியில் நிலம் இறங்கியது, கீழே தாய்வழியில் அடிமைத்தனம் இறங்கியது. ஒரே ஏணி. மேல்படியை மட்டும் வர்ணிப்பவர்கள் ஏணியைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள்.

இனி, நம் வட்டத்தின் வழக்கமான ஆட்சேபங்கள்.

ஒன்று: நம்முடையது அமெரிக்க அடிமைத்தனம் மாதிரி அல்ல, இங்கே குடும்பத்தில் ஒருவராக வைத்திருந்தார்கள். இதே வாக்கியத்தைத் தென் கரோலினாவில் சொல்லியிருக்கிறார்கள். எட்வர்ட் பால் என்பவர் 1998இல் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய முன்னோர் எலியாஸ் பால் 1698இல் அங்கே போய் இறங்கியவர். கூப்பர் நதிக்கரையில் நெல் தோட்டங்கள். ஆம், நெல்தான். 1865 வரை அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த அடிமைகள் கிட்டத்தட்ட 4,000 பேர். பால் வீட்டிலும் நாங்கள் நல்ல எஜமானர்கள் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அவர் செய்தது எளிய காரியம். கணக்குப் புத்தகங்களை எடுத்தார். 1756இல் சியரா லியோனிலிருந்து கப்பலில் வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தியின் பெயரைப் பிடித்தார். அந்தப் பெயரிலிருந்து இன்று இருக்கும் சந்ததிவரை இறங்கிவந்து, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் எழுதியதும் குடும்ப வரலாறுதான். அதில் குடும்பம் என்ற சொல்லின் எல்லை மாறிவிட்டது. குடும்பத்தில் ஒருவராக வைத்திருந்தோம் என்று சொல்கிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் மலரின் வம்சவரிசைப் படத்தில் அந்த ஒருவரை எந்தக் கிளையில் போட்டிருக்கிறீர்கள்?

இரண்டு: இன்றைய நியாயத்தை வைத்து நேற்றைய மனிதர்களை அளக்கக்கூடாது. சரி. நேற்றைய நியாயத்தை வைத்தே அளப்போம். தலச்சேரி நீதிபதியாக இருந்த தாமஸ் பேபர், 1811-12இல் அஞ்சரக்கண்டியில் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரரின் தோட்டத்துக்குள் நுழைந்தார். திருவிதாங்கூரிலிருந்து கடத்தி விற்கப்பட்டவர்களை அங்கிருந்து விடுவித்தார். பேபரும் அந்தக் காலத்து மனிதர்தான். கடத்தப்பட்டவர்களும் அந்தக் காலத்து மனிதர்களே. இது தவறு என்று அவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தக் கால நியாயம் என்று நாம் சொல்வது எப்போதும் உடைமைக்காரனின் நியாயம். உடைமையாக இருந்தவனுக்கும் அதே காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. அவன் எழுதவில்லை.

மூன்று, இதுதான் நம்மவர்களின் செல்ல ஆட்சேபம்: இது சமூகவியல், இலக்கியம் வேறு. இதைச் சொல்கிறவர்கள்தான் ஃபாக்னரைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள். அவருடைய கோ டவுன், மோசஸ் (1942) நூலில் இளைஞன் ஐக் எதைப் படிக்கிறான்? கவிதையை அல்ல. தோட்டத்துக் கடையின் பழைய பேரேடுகளை. வாங்கிய தேதி, கொடுத்த டாலர், செத்த தேதி. எழுத்துப்பிழையோடு கூடிய அந்தப் பற்று வரவு வரிகளில்தான் தன் பாட்டன் சொந்த அடிமை மகளையே என்ன செய்தான் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. இருபத்தொரு வயதில் நிலம் வேண்டாம் என்கிறான். அந்த நூலின் உச்சம் ஒரு கணக்குப்பிள்ளை வேலை. நாம் ஃபாக்னரிடமிருந்து நீண்ட வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம், சிதைந்த வீட்டை எடுத்துக்கொண்டோம், பேரேட்டைப் பரணில் வைத்துவிட்டோம்.

ரசனை மனிதனைத் திருத்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு வர்ஜீனியாவின் வில்லியம் பேர்டை சிபாரிசு செய்கிறேன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவர் வீட்டில். 1709 முதல் எழுதிய ரகசிய நாட்குறிப்பில் தினம் காலை ஹீப்ருவும் கிரேக்கமும் வாசித்ததைக் குறித்துவைக்கிறார். அடிமைகளை அடித்ததையும் அதே குரலில் குறித்துவைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. நம் வீட்டுக் காரணவர்களும் மாலையில் ராமாயணம் வாசித்தவர்கள்தான்.

தமிழ் இலக்கியத்துக்கு இந்த விஷயம் அந்நியம் என்று யாராவது சொன்னால், பெரிய புராணத்தைத் திறக்கச் சொல்வேன். நம் இலக்கியத்தின் மிகப் பிரபலமான அடிமை ஓலை அங்கே இருக்கிறது. சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் தன்னையும் தன் வழிவந்தவர்களையும் எனக்கு அடிமையாக எழுதிக்கொடுத்தான் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் சபை பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறது. ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கு இதைவிடத் திகிலான கட்டம் கிடையாது. பாட்டன் கையெழுத்துக்குப் பேரன் அடிமை, சபைக்கு அதில் ஆச்சரியமில்லை. பிராமணனுக்குப் பிராமணன் அடிமையாவதுண்டா என்ற ஒன்றே அவர்களுக்கு உறுத்துகிறது. அடிமை என்ற ஏற்பாடு உறுத்தவில்லை. கிழவர் சிவன் என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. சேக்கிழாரைக் குறை சொல்லவில்லை. ஓலை இருந்த உலகம் அது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். எட்டுநூறு வருஷமாக நாம்தான் கிழவரை மட்டும் கும்பிட்டுவிட்டு ஓலையைப் பார்க்காமல் வந்திருக்கிறோம்.

நாவலுக்கு வந்தாலும் இதே கதை. தமிழின் முதல் நாவல் 1879இல், தன் குலமும் செல்வமும் எப்படிப்பட்டவை என்று கதாநாயகன் சொல்வதில் ஆரம்பிக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மலையாளத்தில் அச்சான காதகவதம், மிஷன் சரக்குதான், கலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிமை வைத்திருந்த சிரியன் கிறிஸ்தவன் ஒருவனை அது நடுவில் நிறுத்தியது. கலையில்லாத ஒரு கதைக்கு இருந்த தைரியம் நம் கலைக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவும் பிறரைப் பற்றி. இப்போது என் கணக்கு.

மூன்று வருஷங்களுக்கு முன் என் தாய்வழிக் குடும்பம் ஒரு மலர் வெளியிட்டது. முன்னுரை எழுதியவன் நான். பி.ஏ. ஆங்கிலம், பத்திரிகையில் எழுதுகிறவன், வேறு யாரிடம் கேட்பார்கள்? அப்போது மாமா ஒரு மரப்பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் ஓலை. எனக்குப் படிக்கத் தெரியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படித்துச் சொன்னார். ஒன்றில் ஒரு வயல் ஒற்றி வைக்கப்பட்டிருந்தது. வயலின் பெயர், விதைப்பாடு, கிழக்கே தோடு, தெற்கே இன்னாருடைய புரையிடம் என்று நான்கெல்லை. பிறகு தென்னை. பிறகு ஒரு பெண், இரண்டு குழந்தைகள். வயலுக்கு நான்கெல்லை இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் மட்டும். தகப்பன் இல்லை, தாய் இல்லை, ஊர் இல்லை. ஆசிரியர் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா, “இது எதுக்குடே இப்போ? அந்தக் குளம் வெட்டின ஓலை இருக்கா பாரு” என்றார். நான் குளம் வெட்டிய ஓலையைத் தேடி எடுத்தேன். முன்னுரையில், ஏழைகளுக்குக் குடியிருக்க இடம் கொடுத்து வாழவைத்த வீடு என்று ஒரு வாக்கியமும் எழுதினேன். நண்பரின் சென்ற இதழ்க் கட்டுரையில் அதே வாக்கியம் பாராட்டோடு எடுத்தாளப்பட்டிருக்கிறது. அதைப் படித்த அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கிளைக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்த கை. வீட்டைப் புதுக்கக் கடன் வேண்டும். நாலு சென்ட். தகப்பன் காலத்துத் துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, “அதுக்கு மேல தெரியாது சாறே. அதுக்கு மேல உங்க வீட்டுப் பேருதான் சொல்லுவினும்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. எனக்கு உதவி செய்கிற மாதிரி சொன்னார், தேடுகிறவனுக்கு வழி காட்டுவதுபோல. வக்கீல் குறிப்பு எழுதினார். மூலப்பத்திரம் இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்பும் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்தவன் நான்.

மூலப்பத்திரம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அந்த ஓலையில் இருந்த பெண் இவருக்குப் பாட்டிக்குப் பாட்டியா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். தென்னாப்பிரிக்காவில் டச்சுக்காரர்கள் வாங்கிப்போன அடிமைகளுக்குப் புறப்பட்ட கரையையாவது பெயரோடு சேர்த்தார்கள்: வங்காளத்து ஆஞ்செலா, மலபாரின் இன்னார் என்று. அந்த ஆஞ்செலா விடுதலையாகி 1669இல் ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்று பல ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் அவளைத் தங்கள் வம்சவரிசையில் வைத்திருக்கின்றன. சொந்த ஊரிலேயே விற்கப்பட்டவளுக்கு ஊர்ப்பெயர்கூட மிஞ்சவில்லை. திருவிதாங்கூரில் பொய்கையில் அப்பச்சன் 1909இல் தனிச் சபை கண்டபோது, தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்ற நினைவைப் பாட்டாகப் பாடவைத்தார். தன் வம்சத்தைப் பற்றி ஓரெழுத்தும் எழுதப்படவில்லை என்பதே அவருக்குப் பாட்டின் பொருள். நாம் கவிதை நெருக்கடியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். எழுத்து இல்லாத நெருக்கடியிலிருந்து அவர்கள் கவிதை செய்தார்கள்.

குடும்ப வரலாறு எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். பெட்டியில் இருக்கும் எல்லா ஓலையையும் போடுங்கள். வம்சப் படத்தில் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். மேலே கோடு இல்லாத கட்டமாகவே அது நிற்கட்டும். பார்ப்பவன் கண் அங்கே இடறட்டும். அதைச் செய்யாத மலரை இலக்கியத்தின் கச்சாப்பொருள் என்று இந்தப் பத்திரிகையில் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொள்வோம்.

மாமாவிடம் ஓலையைக் கேட்டிருக்கிறேன். மறுபதிப்பு போடுவதாக இருந்தால் என் முன்னுரையை எடுத்துவிட்டு அந்த ஓலையின் வாசகத்தை அந்த இடத்தில் போடச் சொன்னேன். பெட்டியின் சாவி காணவில்லை என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போவேன்.